மூன்றாம் பாகம் போய்ச் சேராத வீடு

டாலிஷ் ஊரில் புத்தகங்களை வாடகைக்குக் கொடுத்துவரும் டாம்சின் வீக்ஸைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. கதை படித்துப் படித்து மூளை கலங்கிப்போனவள் என்பது ஒன்று. நல்ல வீட்டுப் பெண்ணொருத்தியின் மூளையைக் கலக்கிவிட்டவள் என்பது இன்னொன்று. இரண்டையும் என் கடை வாசலில் நின்று, என் பன்னையே மென்றுகொண்டு சொல்வார்கள். நான் அவளுக்குப் பக்கத்துக் கடைக்காரி, ஜோன் லஸ்கம். குங்குமப்பூ பன் சுட்டு விற்கிறேன். எனக்குப் படிக்க வராது. ஆனால் கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன. நடந்ததை நடந்தபடி சொல்ல இந்த ஊரில் வேறு ஆளும் இல்லை.

டாம்சினின் புருஷன் நியூஃபவுண்ட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போனவன். கப்பலும் திரும்பவில்லை, அவனும் திரும்பவில்லை. அவனுடைய அண்ணன் எக்ஸிட்டரில் புத்தகம் பைண்டு செய்கிறவர். அவர் கழித்துப்போட்டதை எல்லாம் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே கடை திறந்தாள். முதலில் பிரசங்கப் புத்தகங்களும் கடற்பயணப் புத்தகங்களும் சீண்டுவாரில்லாமல் தூசி படிந்து கிடந்தன. பிறகு கோடையில் கடலில் குளிக்க வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். கோட்டை இருக்கிற கதை வேண்டும், பேயும் வந்தால் ரொம்ப நல்லது.

இந்தப் பைத்தியத்தைத் தொடங்கிவைத்தது லண்டன் பக்கத்துக் கனவான் ஒருவர் என்று டாம்சின் சொல்வாள். தானே எழுதிய கதையை, இத்தாலியில் அகப்பட்ட பழைய ஏடு என்று சொல்லி அச்சிட்டாராம். ஜனங்கள் நம்பி நடுங்கினார்களாம். நன்றாக விற்றுத் தீர்ந்தபிறகு, எழுதினது நான்தான் என்று ஒப்புக்கொண்டாராம்.

"பொய்ய நெஜம்னு சொல்லி ஆரம்பிச்ச வியாபாரம்டி இது," என்பாள். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

அவருக்குப் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் அதே அச்சில் வார்த்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பெண், மலைமேல் கோட்டை, புருவம் அடர்ந்த கெட்ட பிரபு, வெளியே பூட்டிய அறை. மத்தியான வேளையில் நான் மாவு பிசைய, டாம்சின் முக்காலியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். ஒவ்வொரு கதையும் மூன்று பாகம். ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பாகம் கிடைக்கும். முதல் பாகத்தில் அந்தப் பெண் கோட்டைக்குப் போய்ச் சேருவாள். இரண்டாம் பாகத்தில் அடைபடுவாள். மூன்றாம் பாகத்தில் தப்பிப்பாள். இரண்டாம் பாகம்தான் எப்போதும் மெழுகுச் சொட்டும் தேநீர்க் கறையுமாக அழுக்கேறித் திரும்பி வரும். கிழிந்த தாளை ஒட்ட என்னிடம் வந்து மாவுப் பசை வாங்கிப் போவாள்.

ஊரும் கதைக்கு ஏற்றபடி மாறியது. எங்கள் நீதிபதி பென்னிகாட் தன் தோட்டத்தில் நன்றாக இருந்த பன்றிக் கொட்டகையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் பாழடைந்த கோபுரம் ஒன்றைப் புதிதாகக் கட்டினார். கொத்தனார் ஒழுங்காகக் கட்டிய சுவரை, இன்னும் கொஞ்சம் இடி, இந்த மூலையை இன்னும் கொஞ்சம் இடி என்று பக்கத்திலேயே நின்று இடிக்க வைத்தார். பன்றிகள் மழையில் நின்றன. அவர் வீட்டுப் பெண்கள் மயங்கி விழப் பழகினார்கள். பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் விழுவார்கள்.

லெட்டிஸ் டோல்ச்சர் அந்த ரகம் இல்லை. எக்ஸிட்டரில் கம்பளித் துணி வியாபாரம் செய்து சம்பாதித்து, மேட்டுத் தெருவில் பெரிய வீடு வாங்கிய கிறிஸ்டபர் டோல்ச்சரின் மனைவி அவள். குள்ளமான பெண், பெரிய சிரிப்பு. வாரம் தவறாமல் வந்து ஒரு பாகத்தைக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்குவாள். என் கடையில் பன்னைப் பிய்த்துப் பாலேட்டில் தோய்த்துத் தின்றுகொண்டே கதாநாயகியைக் கிண்டல் செய்வாள்.

"பாவம், இவளுக்குப் பசிக்கவே பசிக்காதா, ஜோன்? நானூறு பக்கமா ஒரு வாய் சாப்பிடல. நானா இருந்தா மொதல்ல சமையல்கட்டு எங்கன்னுதான் கேப்பேன்."

அவளுடைய தாய்மாமன் கென்டனில் ஒரு பண்ணையை அவள் பெயருக்கே எழுதிவைத்துச் செத்துப்போனார். அதை விற்கக் கையெழுத்துப் போடச் சொல்லிப் புருஷன் நச்சரிப்பதாகவும், முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் ஒருநாள் எங்கள் இருவரிடமும் சொன்னாள். மாடியில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்று அவர் மிரட்டுவதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்கு இரண்டாம் பாகம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அவள் வராததைப் பற்றி ஊரில் ஒருவரும் கவலைப்படவில்லை. அந்த இரண்டாம் பாகம் வராததைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். முதல் பாகத்தை முடித்துவிட்டுக் காத்திருந்த சீமாட்டிகள் டாம்சினைப் பிய்த்து எடுத்தார்கள். நீதிபதியின் மனைவி தன் வண்டியை அனுப்பட்டுமா என்றுகூடக் கேட்டாள். கடைசியில் டாம்சினே மேட்டுத் தெருவுக்கு ஏறிப் போனாள்.

கதவைத் திறந்தது டோல்ச்சர். அவரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவந்த கன்னம், மெல்லிய குரல், தெருவில் மீன்காரிக்குக்கூடத் தொப்பியைத் தூக்குகிற மரியாதை. புருவம் இருக்கிறதா என்றே தெரியாது. மனைவிக்கு நரம்புத் தளர்ச்சி என்றும், கண்ட கதைகளைப் படித்ததுதான் காரணம் என்றும், டாம்சின்மேல் தனக்குக் கோபம் எதுவும் இல்லை என்றும் தணிவாகச் சொன்னார். அந்தப் புத்தகத்தை மட்டும் கையை விட்டு விடமாட்டேன் என்கிறாள் என்றும், அதன் விலையைத் தானே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

டாம்சின் தெருவில் இறங்கியதும் மாடி ஜன்னல் திறந்தது. லெட்டிஸ் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"டாம்சின், மூணாம் பாகத்தைக் கொண்டு வா. அவ எப்படித் தப்பிக்கறான்னு எனக்குத் தெரியணும்."

இதைத் தெருவே கேட்டது. பைத்தியம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்று சாயங்காலத்துக்குள் ஆப்பிள் கள் விற்கிற சைடர் கடையில் இது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. யாராவது பிடிவாதம் பிடித்தால், இவனுக்கு மூணாம் பாகத்தைக் கொண்டு வாங்கடா என்பார்கள்.

டாம்சின் என்னையும் இழுத்துக்கொண்டு நீதிபதி பென்னிகாட்டிடம் போனாள். அவர் எங்களை உட்காரச் சொன்னார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டாம்சின் எல்லாவற்றையும் சொன்னாள். பண்ணை, கையெழுத்து, பூட்டிய அறை, ஜன்னல். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்துகொண்டே வந்தது, பிடித்த பாட்டைக் கேட்கிறவரைப்போல. பிறகு என் பக்கம் திரும்பி, நீயும் புத்தகம் படிக்கிறவளா என்றார். எனக்கு எழுத்தே தெரியாது ஐயா என்றேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. யாராவது படித்துச் சொல்வார்களா என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. டாம்சின்தான் தினமும் படித்துக் காட்டுவாள் என்று சொல்லித் தொலைத்தேன்.

"அப்படியா?" என்றவர் டாம்சினைப் பார்த்தார். "நல்லாத்தான் சொல்றம்மா. மூணாவது பாகத்துல அந்தப் பொண்ணு தப்பிச்சிடறாளா, இல்லையா?"

கடைக்குள் நுழைந்ததும் டாம்சின் கேட்டாள்.

"நடந்ததை நடந்தபடி சொன்னா, கதை மாதிரி இருக்குங்கறாங்க. வேற எப்படித்தான் சொல்றது, ஜோன்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த டோல்ச்சர் கொஞ்சம் புதுமாதிரியாக ஏதாவது செய்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

வழி கண்டுபிடித்தது டாம்சின்தான். எந்தக் கதையிலும் எந்தக் கதாநாயகிக்கும் பல் வலித்தது கிடையாது. அவள் நேரே வைத்தியர் டக்கரிடம் போனாள். பண்ணையைப் பற்றிப் பேசவில்லை, பூட்டைப் பற்றியும் பேசவில்லை. டோல்ச்சர் அம்மாவுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது, தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், பல்லைப் பிடுங்காவிட்டால் கழுத்துக்கு இறங்கிவிடும் என்றாள். பல் என்றதும் அவர் குறடை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தலையைப் பிடித்துக்கொள்ள வலுவான கை வேண்டும், நீயும் வா என்றார். டோல்ச்சருக்கு மறுக்க வழியில்லை. டாம்சின் தன் மேலங்கிக்குள் அந்த மூன்றாம் பாகத்தை ஒளித்துக்கொண்டு போனாள்.

அந்த அறையைப் பற்றி அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். கல்லும் இல்லை, சங்கிலியும் இல்லை. நல்ல திரைச்சீலை, எரிகிற கணப்பு, கடல் தெரிகிற ஜன்னல், தட்டில் தேநீர். எனக்கு இப்படி ஒரு அறை கிடைத்தால் நான் வெளியே வரவே மாட்டேன் என்று டக்கர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். சாவித் துவாரம் மட்டும் வெளிப்பக்கம் இருந்தது. டோல்ச்சர் கதவோரம் நின்றார். மேசைமேல் அந்த இரண்டாம் பாகம், பிரித்துப் பிரித்து முதுகு ஒடிந்து கிடந்தது. வாரக்கணக்கில் அந்த அறையில் அவளோடு இருந்தது அது ஒன்றுதான். அந்த வீட்டில் அவளோடு யாரும் பேசுவதில்லை.

முகத்தைக் கழுவிவிடும்போது டாம்சின் அவள் காதோரம் குனிந்து, நேராகச் சொல்லுங்கள், வெளியே பூட்டி வைத்திருக்கிறார், கீழே இறங்க விடமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம் என்று முணுமுணுத்தாள். லெட்டிஸ் தலையாட்டினாள். எழுந்து நின்றாள். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"கருணை உள்ளம் கொண்டவரே, இக்கொடிய சுவர்களுக்குள் சிறைப்பட்டு வாடும் அபலை நான். ஒரு கொடுங்கோலனின் பிடியிலிருந்து என்னை மீட்டருளுங்கள்."

டாம்சினுக்கு அந்த வரிகள் தெரியும். அவளே எனக்குப் படித்துக் காட்டிய வரிகள்தான். டக்கர் டாம்சினைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாராம், பார் நீ செய்த வேலையை என்பதுபோல. பிறகு லெட்டிஸை மெதுவாக உட்காரவைத்துப் பல்லைப் பிடுங்கினார். அவள் கத்தவில்லை. டாம்சின் இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குறடு வாயை விட்டு வெளியே வந்து, டக்கர் கை கழுவப் போன பிறகு, லெட்டிஸ் தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"நான் தப்பா சொல்லிட்டேனா, டாம்சின்?"

"இல்லம்மா."

"எனக்கு வேற வார்த்தையே வரல."

படியிறங்கும்போது டாம்சினின் மேலங்கி புடைத்திருப்பதைப் பார்த்து டோல்ச்சர் மரியாதையாகக் கையை நீட்டினார். டாம்சின் மேலங்கிக்குள்ளிருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தூசி தட்டித் திரும்ப அவளிடமே கொடுத்து, இனிமேல் வேண்டாமே என்றார்.

பல் பிடுங்கிய இடம் சீழ் வைத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்பே லெட்டிஸ் செத்துப்போனாள். கையெழுத்துப் போட்டாளா, இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. வசந்தத்தில் பண்ணை விற்றுப்போயிற்று. அடக்கத்தன்று பாதிரியார் கதைப் புத்தகங்களின் கேட்டைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார். அடுத்த வாரம் டாம்சினின் கடையில் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் அந்தச் செத்துப்போன அம்மா படித்த கதைதான் வேண்டுமாம்.

கடையை மூடிவிட்டு வா, இரண்டு பேரும் பன் சுடலாம் என்று நான் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. இங்கே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அச்சில் வந்தால் நம்புவார்கள் என்றாள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். டாலிஷ் என்றே எழுதினாள், மேட்டுத் தெரு என்றே எழுதினாள், ஆட்களின் பெயர் வரும் இடத்தில் மட்டும் வெறும் கோடு போட்டு வைத்தாள். பல் வலியைக்கூட விடவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் மாவில் கையை வைத்தபடியே அழுதேன். லண்டனில் ஒரு அச்சாபீசுக்காரர் அதை எடுத்துக்கொண்டார். அடுத்த கோடையில் புத்தகக் கட்டு வந்தது.

பிரித்துப் பார்த்தால் மூன்று பாகம். முதல் பக்கத்திலேயே ஆல்ப்ஸ் மலை. டாலிஷ் இத்தாலியாகியிருந்தது, மேட்டுத் தெரு வீடு கோட்டையாகியிருந்தது, டோல்ச்சர் அடர்ந்த புருவத்தோடு பிரபுவாகியிருந்தார். பல் வலி இருந்த சுவடே இல்லை. டாம்சின் முக்காலியில் உட்கார்ந்து கடைசிப் பாகத்தைப் புரட்டிக்கொண்டே போனாள். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு ரகசியக் கதவு, குதிரையில் ஒரு இளைஞன், கல்யாணம்.

"நான் எழுதினதுல மூணாம் பாகமே கிடையாது, ஜோன். அவங்களே சேர்த்துட்டாங்க."

அந்தப் புத்தகம் டாலிஷையே அழவைத்தது. இரண்டாம் பாகத்துக்கு அடிதடி. நீதிபதி பென்னிகாட் பன்றிகள் இல்லாத தன் கோபுரத்தடியில் உட்கார்ந்து படித்துவிட்டு, கண் சிவந்துபோய்க் கடைக்கு வந்தார். இந்த இத்தாலிக்காரர்களுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்றார். டாம்சின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வாள்? அந்தக் கடையில் அவள் வாயிலிருந்து வருவது எதுவானாலும் அதற்கு மூன்று பாகம் இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

ஆறிப்போகட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது டோல்ச்சர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். பெண் பெயர் செலீனா, பாத் நகரத்துப் பெண், பால் வடிகிற முகம். வந்த வாரமே கடைக்கு ஓடி வந்தாள். கணவர் எது வேண்டுமானாலும் படிக்கச் சொல்லியிருக்கிறார் என்றும், இருப்பதிலேயே பயங்கரமானதைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். அலமாரியில் டாம்சின் எழுதிய அந்தப் புத்தகம்தான் கண்ணில் பட்டது. அதையே கேட்டாள்.

டாம்சின் புத்தகத்தை எடுக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசலில் நின்று கேட்டேன்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இந்தக் கதை இத்தாலில நடக்கல. உங்க வீட்டுல நடந்தது. நான் கண்ணால பார்த்தேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களை அந்த மாடி அறையில வெச்சுப் பூட்டினாங்க. அவங்க தப்பிக்கல."

செலீனாவின் கண்கள் விரிந்தன. டாம்சினுக்கு நம்பிக்கை வந்தது, எனக்கும் வந்தது. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கன்னமெல்லாம் சிவக்கச் சிரித்தாள்.

"எங்க வீட்டிலயா? நிஜமாவா, வீக்ஸம்மா? எந்த அறைன்னு சொல்லுங்களேன்."

முன்பக்கத்து மாடி அறை என்று டாம்சின் சொன்னாள். வேறென்ன செய்ய முடியும் அவளால்? அந்தப் பெண் மூன்று பாகத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, என்னிடம் இரண்டு பன்னும் வாங்கிக்கொண்டு, துள்ளிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள். அன்றைக்கே புருஷனிடம் கேட்டு அந்த அறையைத் தன் படிக்கிற அறையாக்கிக்கொண்டாளாம். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தாராம்.

இப்போதும் மத்தியானங்களில் அந்த ஜன்னல் திறக்கும். எங்கள் கடை வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். செலீனா நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையை எங்களைப் பார்த்து ஆட்டுவாள். அபலையைப்போல நடித்துக் காட்டுகிறாள். தெருவில் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு தாங்களும் கையை ஆட்டுகிறார்கள். டோல்ச்சர் கீழே தோட்டத்தில் நின்று தொப்பியைத் தூக்குகிறார்.

டாம்சின் கையை ஆட்டுவதில்லை. ஆனால் ஜன்னல் திறக்கிற நேரத்தில் யார் வந்து என்ன கேட்டாலும் அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாள். நேற்று என்னிடம் கேட்டாள்.

"அவ வெளையாட்டுக்குக் கையாட்டறதை விட்டுட்டு நெஜமா ஆட்டுனா, இங்கேருந்து நமக்கு எப்படிடி தெரியும்?"

நானும் அவளோடு நின்று பார்க்கிறேன்.